சுவரைக் காய விட்ட கொந்தராத்துக்காரர்

எங்கள் வீட்டுச் சுவர் வேலை முடிந்தது 2024 ஆடி மாதம். அதைச் செய்த கொந்தராத்துக்காரரைப் பற்றி அப்போதே எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். புதுப் பெயின்ற் மணக்கும் வீட்டில் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும், ஒரு மாரி போகட்டும் என்று இருந்துவிட்டேன். அந்தக் கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையை யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையையே நிறுத்தி வைத்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத அந்த நாட்களில் காலையும் மாலையும் குசினிப் பக்கச் சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். இப்போது 2025 மாசி. மழை ஓய்ந்து, பனியும் குறைந்துவிட்டது. இனி எழுதலாம்.

வீடு இணுவிலில். அம்மாவின் சீதன வீடு, 1958 இல் அம்மப்பா கட்டியது. சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், பனஞ் சிலாகை, சீமை ஓடு. பெரிய வீட்டின் கூரையும் குசினிக் கூரையும் சந்திக்கும் இடத்தில் மழைநீர் ஓட ஒரு தகரப் பீலி. 1995 ஒக்டோபரில் போரில் ஊரோடு ஊராக நாங்களும் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது குசினிப் பக்கச் சுவரின் கீழ்ப்பகுதி பெயர்ந்து கல் தெரிந்தது. சீமெந்து கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். அப்பா எங்கெல்லாமோ அலைந்து இரண்டு பை வாங்கி வந்து அந்த இடத்தைச் சீமெந்தால் பூசினார். வீட்டுக்குத் திரும்ப உயிர் வந்த மாதிரி இருந்தது எங்களுக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியிலும் அந்தச் சுவர் இடுப்பளவுக்கு ஈரம் பிடிக்கும், உப்புப் பூக்கும். நாங்களும் பழகிவிட்டோம். 2023 தீபாவளிக்கு முன் வீட்டையே புதுசாக்குவோம் என்று ரொறன்ரோவில் இருக்கும் தம்பி சொன்னான், பாதிக் காசும் அனுப்பினான். அப்போது பிடித்த கொந்தராத்துக்காரரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, பெயரும் சொல்லப் போவதில்லை. சாமானோடு சேர்த்து 480,000 ரூபாய் என்று பேசி, வேலை தொடங்கும் முன்பே 300,000 வாங்கினார். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. இரண்டு மழைக்கு இடையே கிடைத்த வெயிலில் சுவரை அரத்தாளால் ஒரு தேய், அதன் மேல் குழி நிரப்பும் வோல் ஃபில்லர், அதன் மேல் எமல்ஷன் பெயின்ற் இரண்டு கோட். கிணற்றடிப் பக்கம் சேறாக இருக்கிறதென்று முற்றத்துக்கும் சீமெந்து போட்டுத் தந்தார். தீபாவளியன்று வீடு பளபளவென்று இருந்தது. தைப் பொங்கலன்று குசினிச் சுவரில் அப்பளம் அப்பளமாகப் பெயின்ற் எழும்பி நின்றது. விரலால் குத்தினால் உள்ளே இருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. அழைப்பு எடுத்தேன், வருகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

இந்த எழுத்து இரண்டாவதாக வந்தவரைப் பற்றியது. தன் பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அறிந்தவர் சொல்லி வருகிற வேலைகளே அவருக்குக் கைகொள்ளாமல் இருக்கின்றன. அதனால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். கோண்டாவிலில் என்னோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சரின் வீட்டுக் குளியலறைப் பின்சுவரைப் பார்த்துத்தான் அவரை விசாரித்தேன். குளியலறைப் பின்சுவர் காய்ந்து கிடப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. அவரோ, “போன வருஷம் முடிச்ச வீடுகளைப் பாக்காதீங்கோ ரீச்சர், மூண்டு மாரி கண்ட வீட்டைப் போய்ப் பாருங்கோ” என்று சொல்லி, உரும்பிராயில் ஒரு வீட்டையும் கொக்குவிலில் ஒரு வீட்டையும் காட்டினார். போய்ப் பார்த்தேன். கொக்குவில் வீட்டில் வெளிச்சுவர் நிறம் சற்று வெளிறியிருந்தது. ஆனால் ஓர் இடத்திலும் உரியவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். சொன்ன நாளுக்கு முடிக்கமாட்டார், சொன்ன காசுக்கு முடிப்பார் என்றார். அது எனக்குப் போதும்.

2024 மாசிக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். நான் வர்ணப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்திருந்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டை இரண்டு தரம் சுற்றி நடந்தார். ஒரு தரம் நிலத்தைப் பார்த்தபடி, மற்றத் தரம் கூரையைப் பார்த்தபடி. பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு பத்து ரூபாய்க் குற்றியை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கல்லில் பட்ட சத்தம். அப்பா பூசிய இடத்துக்கு வந்ததும் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம். சாக்கட்டியால் அந்த இடங்களை வட்டம் போட்டார். வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி, கடைசியில் சுவரின் கீழ்ப்பக்கம் முழுவதும் ஒரே வட்டமாகிவிட்டது.

பிறகு அம்மாவிடம் சோறு கட்டுகிற பொலித்தீன் தாள், லஞ்ச் சீற் ஒன்று கேட்டார். சோறு கட்டத் தரச் சொல்கிறார் என்று நினைத்து அம்மா வாழையிலை வெட்டவா என்று கேட்டார். அவர் அந்த லஞ்ச் சீற்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் பசை நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டினார். நாளை இதே நேரம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் பார்த்தபோது சீற்றின் உட்பக்கம், சுவர்ப் பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். மழை நின்று ஆறு கிழமை ஆகியிருந்தது. ஈரம் காற்றில் இருந்து படிந்தது என்றால் சீற்றின் மேல் இருந்திருக்கும். உட்பக்கம் இருந்தபடியால் சுவரே தண்ணீர் குடித்து வைத்திருக்கிறது என்றார். அவர் அன்று சொன்ன வசனம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது: “இதுக்கு இப்ப பெயின்ற் அடிச்சா உங்கட காசையும் என்ர பேரையும் சேர்த்துத் தண்ணியில விடுறதுதான் ரீச்சர்.”

தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று அதற்கு முதல் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் மூன்று இடம் காட்டினார். ஒன்று, பீலி. தகரத்தில் ஓட்டை என்று வெளியே தெரியாது, மூட்டில் பிரிந்து சுவரின் உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. இரண்டு, தீபாவளிக்குப் போட்ட சீமெந்து முற்றம். அது வீட்டு நிலத்துக்கு இரண்டு அங்குலம் கீழேதான் நின்றது, போதாததற்குச் சுவரை நோக்கிச் சரிவு. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் எல்லாம் நேரே சுவர் அடிக்கு வந்து நின்றது. மூன்றாவது அப்பாவின் பூச்சு. பழைய சுண்ணாம்புச் சுவர் அடியில் இருந்து ஈரத்தை உறிஞ்சினாலும் வெயிலில் தானே வெளியே விட்டுவிடும். அதன் மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை, மேலே ஏறும். அதற்கு மேலே எமல்ஷனும் அடித்தால் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிய மாதிரி. ஈரத்தில் கரைந்து வரும் உப்பு காயும்போது கட்டியாகிப் பெயின்றைத் தள்ளுகிறது. 28 வருடமாக நாங்கள் உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் இதைச் சொல்லும்போது அம்மா பக்கத்தில் நின்றார். அப்பா செய்தது பிழை என்று ஆகிவிடுமோ என்று எனக்குள் ஒரு பதைப்பு. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். “அந்த நேரம் ஐயா அதைப் பூசாட்டிச் சுவரே விழுந்திருக்கும் அம்மா” என்றார். வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் வந்து நின்று இப்படிப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு.

பங்குனியில் தொடங்கினார்கள். மேசன் ஒருவர், கையாள் ஒருவர். பீலியைக் கழற்றிப் புதுத் தகரம். முற்றச் சீமெந்தில் சுவரோரமாக இரண்டடி அகலத்துக்கு உடைத்து எடுத்துச் சல்லிக்கல் நிரப்பினார்கள். கிணற்றடித் தண்ணீருக்கு வாழைப் பக்கமாக ஒரு வாய்க்கால். பிறகு உள்ளும் புறமும் மூன்றரை அடி உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ விடவில்லை, கழுவினால் அது திரும்பக் கரைந்து உள்ளே போகும் என்று காய்ந்த தும்புக் கட்டையால் தட்டித் தட்டிக் கூட்டி அள்ளினார்கள். அதன் பிறகு சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, “இனிச் சித்திரை வெயில் வேலை செய்யட்டும்” என்று போய்விட்டார்கள்.

ஆறு கிழமை. குசினியில் கல் தெரிய நின்றது சுவர். எங்களுக்கு அது லேசான காலமில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு வந்த சொந்தக்காரர் எல்லோரும் வீட்டை ஏன் உடைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தம்பி வற்சப்பில் தினமும் படம் கேட்டான், படத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆறு கிழமையாகச் சும்மா நிற்கிற வேலைக்கு ஏன் அக்கா காசு என்று சத்தம் போட்டான். அந்த ஆறு கிழமைக்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வருவார், லஞ்ச் சீற்றை ஒட்டுவார், அடுத்த நாள் என்னிடம் கேட்பார். நாலாம் கிழமை சீற்றில் வெறும் மூட்டம்தான் இருந்தது. ஆறாம் கிழமை சீற் காய்ந்து கிடந்தது. அன்று நானே அழைப்பு எடுத்துச் சொன்னேன். என் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு அவர் சிரித்தார்.

வெளிநாட்டில் இருந்து வேலை செய்விக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படம் கேட்காதீர்கள், சத்தம் கேளுங்கள். குற்றியால் சுவரைத் தட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் பூச்சு முடிந்த பிறகு தம்பிக்கு அப்படித்தான் ஒன்று அனுப்பினார். அதைக் கேட்ட பிறகு தம்பி வாய் திறக்கவில்லை.

பூச்சுக்கு மணல் வந்த அன்று நடந்ததையும் எழுத வேண்டும். லோட் வந்து இறங்குவதற்கு முன்பே அவர் ஏறி ஒரு கைப்பிடி எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார். பிறகு சிறிது எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். உப்பு. கடற்கரைப் பக்கத்து மணல். சாரதி எவ்வளவோ சொல்லியும் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து வேறு மணல் வந்தது. அதையும் நாக்கில் வைத்தார், அது சரி. அப்புறம் ஒரு சோடாப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மணல் கீழேயும், அதன் மேல் ஒரு நூல் அளவுக்குச் சேறும் படிந்தது. நூல் அளவுக்கு இருந்தால் பாவிக்கலாம், விரல் தடிப்புக்கு இருந்தால் அரித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த கிழமையே அந்தப் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

சுவர் காயும்போதே அவர் ஓர் அரைப் பீப்பாயில் சுண்ணாம்பை ஊறப் போட்டிருந்தார். ஆறு கிழமையில் அது வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, மெல்லிசாக இரண்டு தரம் பூசினார்கள். வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அது அம்மாவின் வேலையாயிற்று. அந்தச் சுவர் முழுவதற்கும் எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்புதான் என்றார். நீர் மாதிரிக் கரைத்த சுண்ணாம்பு, துளி நீலம், நாளுக்கு ஒரு கோட்டாக நாலு கோட். அடிக்கும்போது சாம்பல் நிறமாக ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். பின்னேரம் நாலு மணிக்கு அம்மா குசினிப் படியில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொங்கலுக்கு முதல் கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வெள்ளை அடிப்பதையும், சாந்துக்குப் பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள் என்று கேள்விப்பட்டதையும் சொன்னார்.

மற்றச் சுவர்கள் காய்ந்தவை, அவற்றுக்கு எமல்ஷன்தான். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்காகச் செய்தார்கள். அளந்து, உள்ளே 2,300 சதுர அடி, வெளியே 1,200 என்று ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி, உள்ளுக்கு 20 லீற்றர் வாளி இரண்டு, வெளிக்கு 4 லீற்றர் ரின் ஆறு என்று கணக்குத் தந்தார். ஹாட்வெயாரில் நானே வாங்கினேன், பில் என் கையில். முடிந்தபோது அரை ரின் மிஞ்சியது. அதன் மூடியில் எந்த அறை, எந்த நிற நம்பர், எந்தத் தேதி என்று எழுதி அடைத்து வைத்துவிட்டுப் போனார்.

கதவு யன்னல்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கும். இலங்கையில் அதற்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2013 இல்தான். 1958 கதவில் எத்தனை கோட் அப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கதவுகளைக் கழற்றி மாமரத்தடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் செய்தார். தூள் பறக்கவில்லை. தேய்த்த ஊத்தையைக் கடதாசியில் அள்ளிக் கட்டினார்கள், கிணற்றடிப் பக்கம் கொண்டுபோகவே விடவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னவன் வேடிக்கை பார்க்க வந்தபோது அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். இது சோளகக் காற்று தொடங்கிய வைகாசி. கதவுக்குக் கடைசிக் கோட் அடிக்கப் புழுதி ஒட்டும் என்று விடியற்காலை ஐந்தரைக்கு வந்தார்கள், காற்று எழும்ப முன் முடித்தார்கள்.

காசுக் கணக்கு. மேசனுக்கு நாள் 4,500, கையாளுக்கு 3,500, பதினொரு நாள்: 88,000. பெயின்ற் கூலி சதுர அடிக்கு 45 படி 157,500. கதவு யன்னலுக்கு 32,000. மொத்தக் கூலி 277,500 ரூபாய். முற்பணம் 30,000 மட்டும் வாங்கினார். மிச்சம் சனிக்கிழமை தோறும் செய்த வேலைக்கு. மணலைத் திருப்பி அனுப்பியதில் இரண்டு நாள் வேலை நின்றது, அதற்குக் கூலி கேட்கவில்லை. முதல் செலவழித்ததையும் சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அது இவர் கணக்கில் சேராது.

குறைகளும் உண்டு. வேலை நேரத்தில் அழைப்பை எடுக்கவே மாட்டார். ஒன்று கேட்க வேண்டுமென்றால் இரவு ஏழு மணி வரை இருக்க வேண்டும். ஆனிக்குள் முடியும் என்றது ஆடி நடுப்பகுதி வரை போனது; நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வரும் தம்பி குடும்பத்துக்கு அறை தயாராகுமா என்று கடைசிக் கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. மேற்குப் பக்க வெளிச்சுவரில் ஒரு ஒட்டு வேலை செய்தது தனியாக நிறம் காட்டியது. சொன்னவுடன் முகம் சுளிக்காமல் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் திரும்ப அடித்தார், கூலி வாங்கவில்லை, என்றாலும் பெயின்ற் என் செலவுதான். குரோட்டன் செடிகளில் விழுந்த துளிகள் இன்னும் இருக்கின்றன. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். இதை முன்கூட்டியே சொன்னார். நான்தான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது குசினியில் அந்தப் பக்கம் கதிரை போடுவதில்லை.

மாரி எப்படிப் போனது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கார்த்திகைக் கடைசி மழையில் கிணறு கட்டுக்கு ஓரடி கீழே வரைக்கும் வந்தது. முற்றத்தில் கணுக்காலளவு வெள்ளம் இரண்டு நாள் நின்றது. குசினிச் சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் நிறமாக ஈரம் ஏறியது. எனக்குக் கைகால் ஓடவில்லை. இரவு ஏழு மணிக்கு அழைப்பு எடுத்தேன். ஏறட்டும், யன்னலைத் திறந்து விடுங்கள், எதையும் அடிக்காதீர்கள், துடைக்காதீர்கள் என்றார். மார்கழி நடுப்பகுதியில் நிறம் வெளுக்கத் தொடங்கியது. தை பிறந்தபோது எங்கே ஏறியிருந்ததென்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு இடத்தில், கதவு நிலையின் அடியில், உள்ளங்கை அளவுக்கு உப்புப் பூத்திருந்தது. தும்புக் கட்டையால் தட்டினேன், போய்விட்டது. பூச்சு அசையவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். தேத்தண்ணி குடிப்பதற்கு முன் பின்பக்கம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பீலியில் சேர்ந்திருந்த மாவிலைச் சருகை ஏறிக் கூட்டிவிட்டு, இதை ஐப்பசியிலேயே செய்திருக்க வேண்டும் என்று என்னைக் கண்டித்தார். இந்த வருடம் சித்திரை கழியும் வரை அவருக்கு நாள் இல்லை. மழைக்கு முன் வேலை வேண்டுமென்றால் வெயிலில் சுவர் காய வேண்டும் என்பதால் புது வேலைகளை இப்போதே வந்து பார்த்துவிட்டுப் போகிறார். தேவைப்படுகிறவர்கள் என்னிடம் கேளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன். கிணற்றடிச் சுவருக்கு இன்னும் ஒரு கோட் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று எங்கள் பெயரையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அரைப் பீப்பாயை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.